இரத்தத்துக்கு மட்டும் தெரிந்த இரகசியம்: மறைஞான நம்பிக்கைகளும் தீவிர அரசியலும்

1935க்கும் 1944க்கும் இடையில், நாஜித் தலைவர் ஹிம்லரின் எஸ்.எஸ். அமைப்பைச் சேர்ந்த ஆய்வுக் குழு ஒன்று நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் சூனியக்காரிகளைத் தேடிக்கொண்டிருந்தது. முந்தைய நூற்றாண்டுகளில் சூனியம் வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களின் பெயர், ஊர், விசாரணை, தண்டனை என ஒவ்வொன்றையும் படிவங்களில் நிரப்பி, 30,000க்கும் மேற்பட்ட அட்டைகளைச் சேர்த்தது. ஜெர்மானியரின் ஆதி சமயத்தைத் திருச்சபை அழித்த கதை அந்த வழக்குகளுக்குள் புதைந்து கிடக்கிறது என்று ஹிம்லர் நம்பினார். இந்தப் பணி நடந்துகொண்டிருந்தபோதே, 1941 ஜூன் 9 அன்று, அதே ஹிம்லரின் கீழிருந்த காவல்துறை நாடெங்கும் சோதிடர்களையும் குறிசொல்பவர்களையும் மறைஞானச் சபையினரையும் வளைத்துப் பிடித்தது. அவர்களுடைய நூல்கள் வண்டி வண்டியாகப் பறிமுதல் செய்யப்பட்டன.

ஒரே ஆட்சி சூனியக்காரிகளுக்கு ஆவணம் தொகுக்கிறது, சோதிடர்களைச் சிறையிலும் அடைக்கிறது. மறைஞான நம்பிக்கைகளுக்கும் தீவிர அரசியலுக்கும் என்ன உறவு என்ற கேள்விக்கு எளிய விடை இல்லை என்பதை இந்த முரண் ஒன்றே காட்டிவிடும். நாஜிகள் மாந்திரீகத்தால் ஆட்டுவிக்கப்பட்டார்கள் என்று ஒரு தரப்பு சொல்கிறது. மாந்திரீகமெல்லாம் வெறும் அலங்காரம், கொலைகளைச் செய்தது அரசு இயந்திரம் என்கிறது மறு தரப்பு. கடந்த அறுபது ஆண்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தால் இரண்டுமே பாதி உண்மை என்று தெரிகிறது. மறைஞானம் வெறுப்பைப் பெற்றெடுக்கவில்லை. ஏற்கெனவே இருந்த வெறுப்பை, ஆதாரம் காட்ட வேண்டிய கடமையிலிருந்து அது விடுவித்தது.

அடையாற்றிலிருந்து வியன்னாவுக்கு

இந்தக் கதையின் ஒரு முனை சென்னையில் இருக்கிறது. ஹெலெனா பிளாவாட்ஸ்கியும் ஹென்றி ஸ்டீல் ஆல்காட்டும் 1875இல் நியூயார்க்கில் தொடங்கிய பிரம்மஞான சபை, 1882இல் அடையாற்றைத் தலைமையிடமாக்கிக்கொண்டது. 1888இல் பிளாவாட்ஸ்கி வெளியிட்ட 'இரகசியக் கோட்பாடு' மனித வரலாற்றை ஏழு மூல இனங்களின் வரிசையாக வகுத்தது. மூன்றாம் இனம் லெமூரியாவிலும், நான்காம் இனம் அட்லாண்டிஸிலும் வாழ்ந்தது. ஐந்தாவதான ஆரிய மூல இனத்தின் காலமே இப்போது நடப்பது. சபையின் சின்னத்தில் ஸ்வஸ்திகாவும் இருந்தது.

இதிலிருந்து நாஜிசத்துக்கு நேர்கோடு போடும் ஆசை பலருக்கு வந்திருக்கிறது. ஆனால் அந்தக் கோடு பல திசைகளில் பிரிகிறது. இனம், சாதி, மதம், பால் வேறுபாடின்றி மானுட சகோதரத்துவம் என்பதே சபையின் முதல் நோக்கம். ஆல்காட் 1894இல் சென்னையில் பஞ்சமர்களுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். 1898இல் அயோத்திதாசர் இலங்கை சென்று பௌத்தம் ஏற்றபோது துணைநின்றவரும் அவரே. சபையின் தலைவராக இருந்த அன்னி பெசன்ட் 1916இல் தன்னாட்சி இயக்கம் நடத்தினார். மறுபுறம், 1884இல் பிளாவாட்ஸ்கியுடன் அடையாறு வந்த இலங்கை இளைஞர் அநகாரிக தர்மபால, பின்னாளில் சபையை விட்டு விலகி, ஆரியச் சிங்களவர் என்ற பெருமிதத்தின் முதன்மைக் குரலானார். இலங்கையின் சிறுபான்மையினர் அந்தப் பெருமிதத்தின் சூட்டை அடுத்த நூற்றாண்டு முழுதும் உணர்ந்தார்கள்.

லெமூரியாவின் பயணமும் கவனிக்கத்தக்கது. 1864இல் விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர் லெமூர் விலங்குகளின் பரவலை விளக்க ஊகித்த நிலப்பரப்பு அது. பிரம்மஞானிகள் அதில் மனிதர்களைக் குடியேற்றினார்கள். தமிழறிஞர்கள் அதைச் சிலப்பதிகாரமும் இறையனார் களவியல் உரையும் பேசும் கடல்கோளோடு இணைத்துக் குமரிக்கண்டமாக்கினார்கள். நிலவியல் அந்தக் கண்டத்தைக் கைவிட்ட பிறகும் அது நம் மேடைகளில் வாழ்கிறது. ஆனால் தமிழகத்தில் அது இழப்பின் ஏக்கமாகவும் மொழிப் பெருமையாகவும் நின்றதே தவிர, எவரையும் மனிதரல்லர் என்று விலக்கும் கோட்பாடாக வளரவில்லை. ஒரே ஊற்றிலிருந்து இத்தனை வாய்க்கால்கள் பிரிந்திருக்கின்றன. ஆகவே, நச்சு எந்த இடத்தில் கலந்தது என்று பார்க்க வேண்டும்.

பிளாவாட்ஸ்கியின் நூலில் குற்றமே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. சில இனங்கள் தேய்ந்து மறைவது பிரபஞ்ச விதி என்று அது சொன்னது. குடியேற்ற ஆட்சிகள் பழங்குடிகளை அழித்துக்கொண்டிருந்த காலத்தில் இப்படி எழுதுவது சாதாரணக் காரியமல்ல. எனினும் அந்த ஞானம் பயில முன்வரும் எவருக்கும் திறந்திருந்தது. வியன்னாவில் அந்தக் கதவு மூடப்பட்டது.

கதவு மூடப்பட்ட இடம்

கீடோ ஃபொன் லிஸ்ட் (1848–1919) வியன்னா எழுத்தாளர். 1902இல் கண் அறுவைக்குப் பின் பல மாதங்கள் பார்வையின்றி இருந்தபோது, பழைய ஜெர்மானிய ரூன் எழுத்துகளின் உட்பொருள் தனக்கு வெளிப்பட்டதாகச் சொன்னார். 1908இல் அவருடைய ரூன் நூல் வெளிவந்தது. பண்டைக்காலத்தில் அர்மானர் என்ற பூசாரி மன்னர் மரபு ஜெர்மானியரை ஆண்டதாகவும், அவர்களின் அறிவு சின்னங்களிலும் ஊர்ப்பெயர்களிலும் மறைந்திருப்பதாகவும் அவர் எழுதினார். அதற்குச் சான்று எதுவும் காட்டவில்லை. தன் முன்னோரின் நினைவு தனக்குள் பேசுவதே அவருக்குப் போதுமான சான்றாக இருந்தது.

அவருடைய இளைய சமகாலத்தவர் லான்ஸ் ஃபொன் லீபன்ஃபெல்ஸ் ஒரு முன்னாள் துறவி. ஹைலிகென்கிராய்ட்ஸ் மடத்தை விட்டு 1899இல் வெளியேறியவர். 1905இல் 'தியோசூவாலஜி' என்ற நூலை எழுதினார். ஆதி ஆரியர்கள் மின்னாற்றல் கொண்ட தேவமனிதர்கள் என்றும், கீழின உயிர்களோடு கலந்ததால் அந்த ஆற்றலை இழந்தார்கள் என்றும் அதில் வாதிட்டார். படித்தால் சிரிப்பு வரும். ஆனால் 'கீழானவர்களுக்கு' மலடாக்கம் செய்ய வேண்டும் என்ற பரிந்துரையும் அதே நூலில் இருக்கிறது. 'ஒஸ்டாரா' என்ற இதழை நடத்தி, 1907இல் புதிய டெம்ப்ளர் சங்கத்தையும் அவர் நிறுவினார். வேர்ஃபென்ஸ்டைன் கோட்டையில் அவர் ஏற்றிய கொடியில் ஸ்வஸ்திகா இருந்தது. தன் கோட்பாட்டுக்கு அவர் வைத்த பெயர் ஆரியோசஃபி.

லிஸ்டும் லான்ஸும் செய்த மாற்றம் இதுதான்: ஞானத்தின் இருப்பிடம் நூலிலிருந்தும் பயிற்சியிலிருந்தும் இரத்தத்துக்கு இடம்பெயர்ந்தது. ஒருவர் உண்மையை அறிவதும் அறியாததும் பிறப்பால் முடிவாகிவிட்டது. வேற்றினத்தவர் கேட்கும் கேள்விக்குப் பதில் தேவையில்லை. கேள்வி கேட்பதே அவர் இரத்தத்தின் குறைபாடு. யூத வெறுப்பு ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக இருந்தது. அதற்கு மறுக்க முடியாத ஒரு கவசத்தை இந்த இருவரும் செய்து கொடுத்தார்கள்.

துலே சங்கமும் கட்சியும்

1912இல் ஜெர்மனியில் உருவான ஜெர்மானன் ஓர்டன் என்ற இரகசிய அமைப்பு இந்தக் கருத்துகளை யூத எதிர்ப்பு அரசியலோடு பிணைத்தது. துருக்கியில் வாழ்ந்து சூஃபி மரபுகளோடும் ஃப்ரீமேசன் சங்கங்களோடும் பழகிய ருடால்ஃப் ஃபொன் செபொட்டன்டார்ஃப், அதன் மியூனிக் கிளைக்கு 1918இல் துலே சங்கம் என்று பெயரிட்டார். சங்கம் கூடிய இடம் நகரின் உயர்தர விடுதியான ஃபியர் யாரெஸ்ட்சைட்டன். அங்கே ரூன் ஆராய்ச்சியைவிட ஆயுதம் சேர்ப்பதும் இடதுசாரிகளை வேவு பார்ப்பதும்தான் அதிகம் நடந்தன. 1919 ஏப்ரல் 30 அன்று பவேரிய சோவியத் குடியரசின் காவலர்கள் சுட்டுக்கொன்ற பிணைக்கைதிகளில் ஏழு பேர் இச்சங்கத்தினர்.

சங்க உறுப்பினர் கார்ல் ஹாரர், அன்டன் டிரெக்ஸ்லரோடு சேர்ந்து 1919 ஜனவரியில் ஜெர்மன் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். அதில் செப்டம்பரில் சேர்ந்தவர் ஹிட்லர். சங்கத்தின் கையிலிருந்த பத்திரிகை பின்னர் நாஜிக் கட்சியின் அதிகாரப்பூர்வ ஏடான 'ஃபோல்கிஷர் பியோபாக்டர்' ஆனது. இதுவரை கோடு தெளிவாகத்தான் போகிறது. இதன்பின் மங்கிவிடுகிறது. ஹிட்லர் துலே உறுப்பினர் அல்லர். கட்சி வெகுமக்கள் இயக்கமாக மாறியதும் ஹாரர் போன்ற இரகசியச் சங்க ஆட்களை அவர் ஓரங்கட்டினார். பழம்பெருமை பேசித் திரியும் ஜெர்மானியப் பண்டிதர்களைத் தன் சுயசரிதையில் கேலி செய்தார். 1938 செப்டம்பரில் நூரெம்பர்க் மாநாட்டில், கட்சிக்குள் மறைஞானிகளுக்கு இடமில்லை என்று வெளிப்படையாகவே பேசினார். நாஜி இயக்கத்துக்கு விதை போட்டவர்கள் நாங்களே என்று 1933இல் செபொட்டன்டார்ஃப் நூல் எழுதியபோது, அந்த நூல் தடைசெய்யப்பட்டது. அவரும் நாட்டை விட்டுப் போக நேர்ந்தது.

ஹிம்லரின் கோட்டை

ஹிட்லர் விலக்கியதை ஹிம்லர் அரவணைத்தார். 1933இல் எஸ்.எஸ்.ஸில் சேர்ந்த கார்ல் மரியா வீலிகுட் என்ற ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி, பல்லாயிரம் ஆண்டு மூதாதையர் நினைவு தன்னிடம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டவர். 1920களில் சால்ஸ்பர்க் மனநல மருத்துவமனையில் மூன்றாண்டு இருந்தவரும்கூட. எஸ்.எஸ். வீரர்களின் மண்டையோட்டு மோதிரத்தில் அவருடைய கைவண்ணம் இருந்தது. பாடர்போர்ன் அருகே வீவெல்ஸ்பர்க் கோட்டையை 1934இல் ஹிம்லர் குத்தகைக்கு எடுத்தார். அதை எஸ்.எஸ். உலகின் மையமாக்கும் திட்டம் தீட்டப்பட்டது. கல் சுமந்தவர்கள் கைதிகள். அதற்கென்றே அமைக்கப்பட்ட நீடர்ஹாகன் வதைமுகாமில் இருந்த சுமார் 3,900 பேரில் குறைந்தது 1,285 பேர் மாண்டார்கள்.

1935 ஜூலையில் ஹிம்லரும் மற்றவர்களும் நிறுவிய அஹ்னனெர்பே என்ற முன்னோர் மரபு ஆய்வு நிறுவனத்தை இந்த உறவின் மையச் சான்றாகக் கொள்ளலாம். அது பாறை ஓவியங்களை ஆராய்ந்தது. பிரபஞ்சமே பனிக்கட்டியால் ஆனது என்ற ஹான்ஸ் ஹோர்பிகரின் கோட்பாட்டை ஆதரித்தது. 1938–39இல் ஏர்ன்ஸ்ட் ஷேஃபர் தலைமையில் எஸ்.எஸ். ஆய்வாளர்கள் திபெத் சென்றதும் ஹிம்லரின் ஆதரவில்தான். அந்தக் குழுவிலிருந்த மானிடவியலாளர் புரூனோ பேகர், 376 திபெத்தியரின் தலையையும் முகத்தையும் அளந்து வந்தார். 1943இல் அதே பேகர் ஆஷ்விட்ஸ் முகாமுக்குப் போய்க் கைதிகளைத் தேர்ந்தெடுத்தார். ஸ்ட்ராஸ்பர்க்கில் உடற்கூறியலாளர் ஆகஸ்ட் ஹிர்ட் திட்டமிட்ட எலும்புக்கூட்டுச் சேகரிப்புக்காக அவர்களில் 86 பேர் நாட்ஸ்வைலர் முகாமில் கொல்லப்பட்டார்கள். அஹ்னனெர்பேயின் நிர்வாகி வோல்ஃப்ராம் ஸீவர்ஸ் 1948இல் தூக்கிலிடப்பட்டார்.

திபெத்தில் அளந்த கருவிதான் ஆஷ்விட்ஸிலும் அளந்தது. இதைச் செய்தவர்கள் மந்திரவாதிகள் அல்லர். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்கள். மறைஞானத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுபவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். 1933 ஜூலையில் வந்த கட்டாய மலடாக்கச் சட்டத்தின்கீழ் சுமார் நான்கு லட்சம் பேருக்கு அறுவை நடந்ததாக மதிப்பிடப்படுகிறது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தவர்கள் அன்று மதிப்பிலிருந்த மனநல மருத்துவர்களும் மரபியலாளர்களும். அதற்குமுன் 1907இலேயே அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் இத்தகைய சட்டம் இயற்றியிருந்தது. லான்ஸ் கனவு கண்டதைச் சட்டமாக்கியது வெள்ளை அங்கி.

சோதிடர் வேட்டை

1941 மே 10 அன்று ஹிட்லரின் துணைத் தலைவர் ருடால்ஃப் ஹெஸ் தனி விமானத்தில் ஸ்காட்லாந்துக்குப் பறந்தார். அவர் சோதிடத்தில் ஈடுபாடு கொண்டவர் என்பதால், பழியைச் சோதிடர்கள் தலையில் கட்டுவது ஆட்சிக்கு வசதியாக இருந்தது. அடுத்த மாதமே வேட்டை தொடங்கியது. கார்ல் ஏர்ன்ஸ்ட் கிராஃப்ட் என்ற சோதிடரின் கதை இதைத் துல்லியமாகக் காட்டும். 1939 நவம்பரில் ஹிட்லர் உயிருக்கு ஆபத்து என்று முன்கூட்டிச் சொன்னதால் அவர் கவனம் பெற்றார். பிறகு நாஸ்ட்ரடாமஸ் வரிகளுக்கு ஜெர்மானிய வெற்றியைக் குறிக்கும் பொருள் எழுதும் பிரச்சார வேலை தரப்பட்டது. 1941இல் கைதானார், 1945 தொடக்கத்தில் புக்கன்வால்டுக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்தார். 1942இல், இதே ஆட்சியின் கடற்படை, வரைபடத்தின்மேல் ஊசல் ஆட்டி எதிரிக் கப்பல்களின் இருப்பிடம் காணும் முயற்சிக்குப் பெர்லினில் ஆட்களை அமர்த்தியது.

இந்த வேட்டையைப் பகுத்தறிவின் வெற்றி என்று கொள்ள முடியாது. எதிர்காலத்தைச் சொல்லும் உரிமை தலைமைக்கு வெளியே எவரிடமும் இருக்கக் கூடாது என்பதே அதன் உள்ளர்த்தம். தெருமுனைச் சோதிடருக்குக் கட்சி அடையாள அட்டை தேவையில்லை; யாருக்கும் ஜாதகம் பார்ப்பார், ஹிட்லருக்குக் கெட்ட நேரம் என்றுகூடச் சொல்லிவிடுவார். சர்வாதிகாரம் அஞ்சியது மூடநம்பிக்கையைக் கண்டு அல்ல, தன் கட்டுக்கு அடங்காத மூடநம்பிக்கையைக் கண்டு.

ஆய்வாளர்களின் வழக்கு

போருக்குப் பின் இந்த விஷயம் முதலில் மலிவு நூல்களின் கையில் சிக்கியது. 1960இல் பாரிஸில் லூயி பாவெல்ஸும் ஜாக் பெர்ஜியேவும் வெளியிட்ட 'மந்திரவாதிகளின் விடியல்', நாஜிகளுக்குப் பின்னால் இரகசிய சக்திகள் இருந்ததாகச் சொல்லிப் பெரும் விற்பனை கண்டது. 1970களில் இத்தகைய நூல்கள் பெருகின. வரலாற்றாசிரியர்கள் வெட்கப்பட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். விதிவிலக்காக ஜார்ஜ் மோஸ் 1961இலேயே நாஜிசத்தின் மறைஞான வேர்களை ஆராயத் தகுந்த பொருளாக முன்வைத்தார். 1985இல் நிகோலஸ் குட்ரிக் கிளார்க் ஆவணங்களோடு களத்தைத் துப்புரவு செய்தார். ஆரியோசஃபியின் நேரடித் தாக்கம் குறைவு, அது நாஜிசத்தின் காரணம் என்பதைவிட அதன் முன்னறிகுறி என்பது அவருடைய முடிவு.

கொரின்னா டிரைடல் 2004இல் வேறொன்றைச் சுட்டினார்: ஜெர்மனியின் மறைஞான ஆர்வம் நவீன அறிவியலோடும் உளவியலோடும் கலந்த பரந்த நடுத்தர வர்க்கப் பண்பாடு, அதில் பெரும்பகுதி நாஜிசத்தோடு தொடர்பற்றது. எரிக் கர்லாண்டர் 2017இல் மீண்டும் தராசை மறுபக்கம் சாய்த்தார். அறிவியலுக்கும் மந்திரத்துக்கும் இடைப்பட்ட எல்லை அறிவுகளை நாஜிகள் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். சோதிடர் வேட்டையெல்லாம் கட்டுப்படுத்தும் முயற்சியே என்றார். காரணத்தைத் தேடும்வரை இந்த வழக்கு முடியாது. பயனைப் பார்த்தால் மூவரும் ஒரே இடத்துக்கு அருகில் வருகிறார்கள்: மறைஞானச் சூழல், சோதித்துப் பார்க்காமல் நம்பும் பழக்கத்தைப் பரவலாக்கியது. அந்தப் பழக்கத்தை எதற்குப் பயன்படுத்துவது என்பதை அரசியல் முடிவு செய்தது.

தோற்ற பிறகு தேவைப்பட்ட தெய்வம்

1945க்குப் பிந்தைய கதை இதை இன்னும் தெளிவாக்குகிறது. வென்றுகொண்டிருந்த ஹிட்லருக்கு மறைஞானம் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. தோற்றுப்போன ஹிட்லரின் பக்தர்களுக்கு அது இன்றியமையாததாயிற்று. வரலாறு பொய்ப்பித்த ஒருவரை வரலாற்றுக்கு அப்பால்தான் வைக்க முடியும்.

சாவித்திரி தேவி என்ற பெயரில் அறியப்பட்ட மாக்ஸிமியானி போர்ட்டாஸ் 1905இல் லியோனில் பிறந்தவர். 1930களில் இந்தியா வந்து கல்கத்தாவில் இந்து மிஷனுக்காக உழைத்தார். 1939இல் அவர் எழுதிய 'இந்துக்களுக்கு ஓர் எச்சரிக்கை' நூலுக்கு முன்னுரை தந்தவர் சாவர்க்கரின் தமையன் கணேஷ் தாமோதர் சாவர்க்கர். சாதி அமைப்பை இனத்தூய்மை காக்கும் முன்மாதிரி என்று சாவித்திரி தேவி போற்றினார். 1958இல் 'மின்னலும் கதிரவனும்' என்ற நூலில் ஹிட்லரை அவதார வரிசையில் வைத்து, கல்கிக்கு முன் வந்தவராகக் காட்டினார். கலியுகத்தில் நல்லவர் தோற்பது விதி என்றால் 1945இன் தோல்வியே அவதாரத்துக்குச் சான்றாகிவிடுகிறது அல்லவா? 1953 முதல் 1962 வரை இந்தியாவில் சிலி நாட்டின் தூதராக இருந்த மிகுவேல் செரானோ இதே பாதையில் இன்னும் தூரம் போனார். ஹிட்லர் அண்டார்க்டிகாவில் வாழ்கிறார் என்பதுவரை எழுதினார். இத்தாலியில் ஜூலியஸ் எவோலா கலியுகக் கருத்தைக் கொண்டு மக்களாட்சியையே நோய் என்று விளக்கினார். போருக்குப் பிந்தைய இத்தாலிய நவ பாசிஸ்டுகள் அவரைக் குருவாகக் கொண்டாடினார்கள்.

வீவெல்ஸ்பர்க் கோட்டைத் தரையில் பன்னிரண்டு ஆரங்கள் கொண்ட சூரியச் சக்கரம் ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. எஸ்.எஸ். அதற்கு என்ன பெயரிட்டது, என்ன பொருள் கொடுத்தது என்பதற்கு ஆவணமில்லை. கருஞ்சூரியன் என்ற பெயரும் பெருமையும் 1990களின் நாவல்களும் நவ நாஜி எழுத்துகளும் ஏற்றியவை. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன் வெளியிட்ட அறிக்கையின் அட்டையில் அதே சின்னம் இருந்தது. மலிவு நூல்கள் கற்பித்த மரபு, இரண்டு தலைமுறைக்குள் நிஜமான துப்பாக்கிக்கு இலச்சினையானது.

இரத்தம் இல்லாத இடத்திலும்

ஞானம் இரத்தத்தில் இருக்கிறது என்பது மூடிய கதவின் ஒரு வடிவம் மட்டுமே. ஜப்பானின் ஓம் ஷின்ரிக்யோ 1984இல் யோகப் பயிற்சிக் குழுவாகத் தொடங்கியது. 1990 நாடாளுமன்றத் தேர்தலில் 25 வேட்பாளர்களை நிறுத்தியது; அனைவரும் தோற்றார்கள். அதன்பின் உலக அழிவுப் போர் பற்றிய பேச்சு முற்றியது. பாவம் செய்துகொண்டிருக்கும் ஒருவரைக் கொல்வது அவர் ஆன்மாவை மேல்நிலைக்கு அனுப்பும் கருணை என்று திபெத்திய பௌத்தத்தின் 'போவா' கருத்தை அதன் குரு ஷோகோ அசஹாரா திரித்தார். 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் ஸாரின் வாயுவைப் பரப்பியவர்களில் இயற்பியல் படித்தவர்களும் ஒரு மருத்துவரும் இருந்தார்கள். கொலை எப்போது கருணையாகும் என்று அறிந்தவர் குரு மட்டுமே. இரத்தத்தின் இடத்தில் இங்கே குரு அமர்ந்திருந்தார், அவ்வளவுதான் வேறுபாடு.

சதி நம்பிக்கையும் ஆன்மிகமும் கலக்கும் இன்றைய போக்குக்கு ஆய்வாளர்கள் சார்லட் வார்டும் டேவிட் வோவாஸும் 2011இல் ஒரு பெயரே உருவாக்கினார்கள். கல்வி நிறுவனங்கள் நிராகரித்தது என்பதே ஒரு கருத்துக்கு மதிப்பு கூட்டிவிடுகிறது என்று மைக்கேல் பார்கன் 2003இல் விளக்கியிருந்தார். ஒருவர் நிரூபிக்கப்படாத மருத்துவத்திலிருந்து தொடங்கி, பறக்கும் தட்டு வழியாக, உலகை ஆளும் இரகசியக் கூட்டம் வரை வந்து சேர்வது இப்படித்தான். 2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு நுழைந்தவர் தன்னை ஷாமன் என்று அழைத்துக்கொண்டவர். ஜெர்மன் அரசைக் கவிழ்க்கத் திட்டமிட்டதாக 2022 டிசம்பரில் ஒரு குழு கைதானபோது, அதில் முன்னாள் ராணுவத்தினரோடு ஒரு சோதிடரும் இருந்ததாகச் செய்தி வந்தது.

இவற்றைப் பார்த்து ஜாதகம் பார்ப்பவர்களையெல்லாம் சந்தேகிப்பது அபத்தம். கோடிக்கணக்கானவர்கள் நாள் நட்சத்திரம் பார்க்கிறார்கள். அவர்களில் யாரும் எவரையும் கொல்லப் புறப்படுவதில்லை. கவனிக்க வேண்டியது மூன்று நிலைகள் ஒன்றுகூடும் தருணத்தை. முதலாவது, உண்மையை அறியும் தகுதி பிறப்பாலோ குருவின் அருளாலோ மட்டுமே வரும் என்ற உரிமைகோரல். இரண்டாவது, மறுப்பவரின் மறுப்பையே அவருடைய தாழ்வுக்குச் சான்றாக்கும் வாதம். மூன்றாவது, இவ்விரண்டையும் செயல்படுத்தப் பணமும் படிவமும் சீருடையும் கொண்ட அமைப்பு. லிஸ்டிடமும் லான்ஸிடமும் முதல் இரண்டு இருந்தன. அவர்கள் விசித்திர மனிதர்களாக வாழ்ந்து முடிந்தார்கள். ஹிம்லரிடம் மூன்றும் இருந்தன.

அமானுஷ்யமே நாஜிசத்தை இயக்கியது என்று சொல்வது குற்றவாளிகளுக்கு நாம் தரும் சலுகை. பேய் பிடித்தவரிடம் பொறுப்பு கேட்க முடியாது. கோப்பில் கையெழுத்திட்டவரிடம் கேட்கலாம். மறைஞானத்துக்கு இதில் பங்கே இல்லை என்பதும் சரியல்ல, ஏனென்றால் கையெழுத்திட்டவர் மனச்சாட்சி உறுத்தாமல் உறங்க அது உதவியது. ஆகவே வரலாற்றாசிரியர் மட்டுமல்ல, வாக்காளரும் பக்தரும்கூடக் கேட்க வேண்டிய கேள்வி எளியது: இந்த உண்மையை நான் சோதித்துப் பார்க்கலாமா? கூடாது என்று பதில் வந்தால், அதைச் சொல்பவர் காவியோ கறுப்போ வெள்ளை அங்கியோ எதை அணிந்திருந்தாலும், அவரிடம் அதிகாரத்தை ஒப்படைக்கக் கூடாது.